பிரேக் "போச்சு" என்றால், எது போச்சு?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு செஷன் முடிந்து கார்கள் உள்ளே திரும்பும்போது, காருக்கு முன்னால் வாசனை வந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்தில் வந்து நிற்கும் லாரியின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அது தெரிந்த வாசனைதான். அப்புறம் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி இறங்கி, "பிரேக் போச்சு" என்பார். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பேடு தேஞ்சிருக்கும். டிஸ்க் வளைஞ்சிருக்கும். ஏர் புகுந்திருக்கும். பேசாம பெரிய கேலிபர் போட்டுடுங்க. யாரும் இன்னும் வீலைக் கழற்றியிருக்க மாட்டார்கள்.

"பிரேக் போச்சு" என்பது "உடம்பு சரியில்லை" என்பது மாதிரி. சளியா, சர்க்கரையா, எலும்பு முறிவா என்று அதிலிருந்து தெரியாது. பிரேக்குக்கு வரும் நோய்கள் நாலைந்து. ஒவ்வொன்றும் காலுக்குத் தனித்தனியாகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. என் முதல் டிராக் டேக்கு முன்னால் புத்தம்புது பேடுகள் போட்டுக்கொண்டுதான் போனேன். நாலாவது சுற்றில், நேர் ஓட்டம் முடியும் இடத்தில், பெடல் தரையைத் தொட்டது. கார் வளைவில் திரும்பாமல் நேராக மண்ணுக்குள் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குற்றவாளி பேடு இல்லை, இரண்டு வருடமாக மாற்றாமல் இருந்த பிரேக் திரவம். அந்த வித்தியாசம் முதலிலேயே தெரிந்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

டிராக் டே என்பது பந்தயம் இல்லை. சொந்தக் காரைக் கட்டணம் கட்டி ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகும் நாள். தமிழ்நாட்டில் அதற்குப் பலரும் அறிந்த இடங்கள் இரண்டு: 1990-இல் திறந்த, சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவை செட்டிபாளையத்தில் உள்ள சுமார் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே வரும் கார்களில் பெரும்பாலானவை வாரம் முழுக்க ஆபீஸுக்குப் போய்வரும் ஸ்விஃப்ட், போலோ வகைக் கார்கள். அப்படிப்பட்ட ஒரு காரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிரேக் செய்யும் வேலை, சூடாக்குவது

உள்ளங்கைகளை அழுத்தித் தேயுங்கள். சூடாகும். சைக்கிளில் இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்துவிட்டு ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் சூடாக இருக்கும். கார் பிரேக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஓடும் காரிடம் ஓட்டத்தின் காரணமாக ஒரு சக்தி சேர்ந்திருக்கிறது, அதற்கு இயக்க ஆற்றல் என்று பெயர். கார் நிற்க வேண்டுமென்றால் அந்தச் சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். பிரேக் அதைச் சூடாக மாற்றிக் காற்றில் விடுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நாலு மடங்காகும். 70-இல் போகும் காரை நிறுத்துவதோடு ஒப்பிட்டால், 140-இல் போகும் காரை நிறுத்த நாலு மடங்கு சூட்டைப் பிரேக் தாங்க வேண்டும். "ஊருக்குள்ள நல்லாத்தான் பிடிக்குது" என்ற பேச்சுக்கு டிராக்கில் மதிப்பில்லாமல் போவது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார், 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறைகிறது. வெளியாகும் சூடு ஏறக்குறைய 6 லட்சம் ஜூல். அறைச் சூட்டில் உள்ள 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அடுப்பில் அதற்குப் பல நிமிடம் ஆகும், பிரேக் அதை மூன்று நொடியில் செய்து முடிக்கிறது. அதுவும் ஒரு வளைவுக்கு மட்டும்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால், இந்த வேலையில் பத்தில் ஏழு பங்கு முன் சக்கரங்களுக்குப் போகிறது. சின்னக் காரின் முன் டிஸ்க் ஒன்று 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் அதன் சூடு ஏறக்குறைய 90 டிகிரி ஏறும். ஊருக்குள் அடுத்த சிக்னலுக்குள் அது ஆறிவிடும். டிராக்கில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், அதற்குள் அடுத்தது. மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கும் லாரிக்கு என்ன நடக்கிறதோ, அதேதான் இங்கேயும் நடக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பிரேக் என்பது சூடு வாங்கும் கருவி, வேகம் கூடினால் சூடு பல மடங்கு கூடும், டிராக்கில் அது ஆற நேரம் கிடைக்காது. இனி வரும் நோய்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து பிறப்பவைதான்.

காலிலிருந்து சக்கரம் வரை

ஊசி போடும் பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் இரண்டை எடுத்து, சின்ன டியூபால் இணைத்து, உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது அதே நொடியில் வெளியே தள்ளும். இப்போது டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டு அழுத்துங்கள். முதலில் குமிழி சுருங்கும், அதற்குப் பிறகுதான் மறுமுனை நகரும். விரலுக்குக் கெட்டியாகத் தெரிந்தது பஞ்சு மாதிரி ஆகிவிடும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, வாயுவைச் சுருக்க முடியும். பிரேக்கின் பாதி ரகசியம் இந்தச் சிரிஞ்சுக்குள் இருக்கிறது.

பெடலை மிதித்தால் அதன் பின்னால் உள்ள மாஸ்டர் சிலிண்டர் திரவத்தை அழுத்துகிறது. அதுதான் முதல் சிரிஞ்சு. குழாய் வழியாக அந்த அழுத்தம் சக்கரத்தில் உள்ள கேலிபருக்குப் போகிறது. கேலிபர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் இடுக்கி. அதற்குள் இருக்கும் பிஸ்டன்தான் இரண்டாவது சிரிஞ்சு. பிஸ்டன் தள்ளுவது பேடை. பேடு என்பது இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள், பலவகைத் தூள்களைப் பிசினோடு கலந்து அழுத்திச் சுட்டது. அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கைப் பிடிக்கிறது. இவ்வளவுதான் அமைப்பு.

சின்னக் கார்களில் கேலிபருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பிஸ்டன் இருக்கும். உள்பக்கப் பேடைப் பிஸ்டன் தள்ளியதும், கேலிபர் முழுவதும் இரண்டு கம்பிகளின் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துச் சேர்க்கும். இந்தக் கம்பிகளுக்குக் கைடு பின் என்று பெயர். பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பின் சக்கரங்களில் பல கார்களுக்கு இன்னும் டிரம்தான். வட்டமான இரும்பு மூடிக்குள், பேடு மாதிரியே உராயும் லைனிங் விரிந்து பிடிக்கும் முறை அது. மூடிய பாத்திரத்தில் சூடு தங்குவது மாதிரி டிரம்முக்குள்ளும் தங்கும். போதாததற்கு, சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றதற்கு அதில் இருந்த டிஸ்க் பிரேக் பெரிய காரணம். டிரம் வைத்த போட்டியாளர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பின்பக்கம் டிரம் இருப்பதற்காக உங்கள் சின்னக் காரை டிராக்குக்குக் கொண்டுபோகக் கூடாது என்று இல்லை, சுமை பெரும்பாலும் முன்னால்தானே.

கால் சொல்லும் நோய்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பிரேக் சரியாகப் பிடிக்காதபோது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பெடல் எப்படி இருந்தது?" என்பதுதான்.

பெடல் மெத்தென்று ஆகி, பஞ்சு மாதிரி அமுங்கி, கீழே போனதா? கோளாறு திரவத்தில். நாம் பிரேக் ஆயில் என்கிறோம், உண்மையில் அது எண்ணெய் இல்லை. தப்பித் தவறி இன்ஜின் ஆயில் கொஞ்சம் அதில் கலந்தால்கூட உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் எல்லாம் உப்பி வீணாகிவிடும். இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்கிறது. கடற்கரை ஊர்களில் சீக்கிரமே சேரும்.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கிவிடும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 140-தான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. டிஸ்க்கின் சூடு பேடு வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கும் வருகிறது. பழைய திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவாகும். சிரிஞ்சில் நீங்கள் விட்ட குமிழி இதுதான். மிதித்தால் குமிழி சுருங்குமே தவிரப் பிஸ்டன் நகராது.

அப்படி ஆகும்போது பெடலைப் படபடவென்று இரண்டு மூன்று முறை அடித்து மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். நேர் ஓட்டத்தின் நடுவில், பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்னாலேயே, இடது காலால் லேசாகப் பெடலைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். கெட்டியாக இல்லை என்று 200 மீட்டர் முன்னால் தெரிவதும் வளைவின் வாயில் தெரிவதும் ஒன்றில்லை. குளிர்ந்ததும் பெடல் மறுபடி இறுகிவிடும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்தத் திரவம் முடிந்துபோனது.

காலையில் குளிர்ந்த காரிலேயே பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் விஷயம் வேறு. அது கொதித்ததால் வந்தது இல்லை. உள்ளே காற்று இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது.

அடுத்தது, இதற்கு நேர் எதிரானது. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, பலம் கொண்ட மட்டும் மிதிக்கிறீர்கள், கார் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. இது பேடின் கோளாறு. பேடில் உள்ள பிசின் அதன் எல்லையைத் தாண்டிச் சூடானால் வாயுவாக வெளியேறும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அந்த வாயு ஒரு மெல்லிய படலமாக நிற்கும், பேடு அதன் மேல் வழுக்கும். இதைத்தான் ஃபேடு என்கிறார்கள். கருகல் வாசனை பெரும்பாலும் இதிலிருந்து வருவதுதான். மருந்து எளிது, வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆற விடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் ஓட்டும் வேகத்துக்கு அந்தப் பேடு போதாது என்று அர்த்தம். பெடல் எப்போதுமே, குளிர்ந்த நிலையிலும், கல்லாக இருந்தால் சந்தேகம் பூஸ்டர் மேல் விழ வேண்டும். காலின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் அந்த உருண்டை டப்பா வேலை செய்யவில்லை என்று பொருள்.

மூன்றாவது, நடுக்கம். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங்கும் பெடலும் தடதடக்கும். உடனே எல்லோரும் "டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்பார்கள். என்னைக் கேட்டால், பிரேக் பற்றி அதிகம் தவறாகப் பேசப்படும் விஷயம் இதுதான். தோசைக்கல்லில் ஓரிடத்தில் மாவு ஒட்டித் தீய்ந்துவிட்டால், அடுத்த தோசையும் சரியாக அங்கேயே ஒட்டும். டிஸ்க்கிலும் இதே கதைதான். அளவுக்கு மீறிச் சூடான பேடு தன் பொருளைத் திட்டுத்திட்டாக டிஸ்க்கில் அப்பிவிடும். அப்பிய இடம் கொஞ்சம் மேடு, மேட்டில் உராய்வு அதிகம், உராய்வு அதிகமானால் சூடு அதிகம், சூடான இடத்தில் இன்னும் அப்பும். 0.02 மில்லிமீட்டர் தடிமன் வித்தியாசமே காலில் தெரியலாம். டிஸ்க் உண்மையிலேயே வளைவதும் உண்டு, ஆனால் நான் பார்த்த நடுக்கங்களில் பெரும்பாலானவை இந்த அப்பல்தான். ஆரம்ப நிலையிலேயே பிடித்தால், மறுபடி முறையாகப் பேடைப் பழக்கினாலே (எப்படி என்று பின்னால் சொல்கிறேன்) பல நேரம் போய்விடும்.

மற்ற இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கார் ஒரு பக்கமாக இழுத்தால், பெரும்பாலும் ஒரு கேலிபர் சரியாக வேலை செய்யவில்லை. முதல் மிதியில் பெடல் நீளமாகப் போய் இரண்டாவது மிதியில் சரியானால், ஏதோ பேடுகளைப் பின்னால் தள்ளி வைக்கிறது, வீல் பேரிங் ஆட்டத்தைப் பாருங்கள். பின்பக்க டிரம் லைனிங்கை அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

ஆக, மெத்தென்ற பெடல் திரவத்தையும், கல் மாதிரியான பெடல் பேடையும், நடுங்கும் பெடல் டிஸ்க்கின் மேற்பரப்பையும் காட்டுகிறது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே மெக்கானிக்கிடம் பேசும் பேச்சு மாறிவிடும்.

வீலைக் கழற்றிப் பார்க்கும்போது

சமதளத்தில், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, பிரேக் நன்றாக ஆறிய பிறகு கழற்றுங்கள். தூசியை ஏர் அடித்துப் பறக்கவிட வேண்டாம், மூச்சில் போகும். ஈரத்துணியால் துடையுங்கள்.

முதலில் பேடின் தடிமன். தகட்டைச் சேர்க்காமல் உராய்வுப் பொருளை மட்டும் அளக்க வேண்டும். புதிதில் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சாலைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். டிராக்குக்கு அந்தக் கணக்கு உதவாது. பாதிக்கு மேல் இருந்தால்தான் நான் டிராக்குக்குள் போவேன். பேடு வெறும் உராய்வுப் பொருள் மட்டுமில்லை, டிஸ்க்கின் சூடு திரவத்துக்குப் போகாமல் தடுக்கும் கரித்துணியும் அதுதான். மெலிந்த கரித்துணியால் சட்டியைப் பிடித்தால் கை சுடும். அதுபோல மெலிந்த பேடு திரவத்தைச் சீக்கிரம் கொதிக்க வைக்கும், தானும் வேகமாகத் தேயும். மாதக்கணக்கில் தேயாத பேடு ஒரே மதியத்தில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். உள்பக்கத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று அதிகம் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேடு ஆப்பு மாதிரி சரிவாகத் தேய்ந்திருந்தாலோ, பெரும்பாலும் முன்னால் சொன்ன கைடு பின் இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் பேடை மட்டும் மாற்றினால் புதுப் பேடும் அப்படியேதான் தேயும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு இரண்டு முறை பேடு மாற்றினார்கள். கைடு பின்னை மூன்றாவது முறை நானே கழற்றியபோது, அது துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பேடின் முகம் கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் அது சூட்டில் கெட்டித்துவிட்டது. ஓரங்கள் பொடிந்து உதிர்ந்தாலோ, தகட்டிலிருந்து பொருள் விட்டிருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பேடு படாத விளிம்பு ஒரு வரப்பு மாதிரி நிற்கும். அந்த வரப்பு எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கு டிஸ்க் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அளக்கும்போது வெர்னியரை அந்த வரப்பின் மேல் வைத்துவிடாதீர்கள், தவறான அளவு காட்டும். மைக்ரோமீட்டர்தான் சரி. மேற்பரப்பில் முடி மாதிரி மெல்லிய கோடுகள் டிராக் காரில் சகஜம். நகம் மாட்டும் அளவு விரிசலோ, விளிம்பு வரை ஓடும் விரிசலோ இருந்தால் அந்த டிஸ்க்கோடு ஒரு சுற்றுகூடப் போகக் கூடாது.

அப்புறம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கருகியிருக்கிறதா, ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, எங்காவது ஈரக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். திரவம் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டும். தெளிவாக இருப்பதால் மட்டும் நல்லது என்றும் சொல்ல முடியாது, ஈரம் கண்ணுக்குத் தெரியாது.

எதை முதலில் சரி செய்வது

பெரும்பாலானவர்கள் பெரிய கேலிபர், ஓட்டை போட்ட டிஸ்க் என்று ஆரம்பிக்கிறார்கள். என் வரிசை வேறு. முதலில் திரவம், அடுத்து பேடு, அதற்கடுத்து டிஸ்க். இந்த மூன்றும் நல்ல நிலையில் இருந்தும் போதவில்லை என்றால், டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். பெரிய கேலிபர் கடைசியில். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் டிராக் சூட்டில் விரிசல் அந்த ஓட்டைகளிலிருந்துதான் தொடங்கும். சின்னக் காருக்கு ஓட்டை இல்லாத நல்ல டிஸ்க்கே போதும்.

திரவத்துக்கு, டாட் 4 வகையிலேயே பந்தயத்துக்கென்று வருபவை 300 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். டாட் 5 என்பது சிலிக்கோன் திரவம், பெயர் 5.1 மாதிரி இருந்தாலும் அது வேறு சாதி, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. ஒரு லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த டின்னை அடுத்த சீசனுக்கு எடுத்துவைப்பதில் பயனில்லை, அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

மெக்கானிக்குகள் "ஏர் எடுக்கிறது" என்று சொல்லும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கேலிபரில் உள்ள நிப்பிளில், அதாவது திரவத்தை வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகில், தெளிவான டியூபைச் சொருகி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள பாட்டிலில் விட வேண்டும். கீழே இருப்பவர் "மிதி" என்றதும் உள்ளே இருப்பவர் மிதித்து, "பிடிச்சிருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அப்போது நிப்பிளைத் திறந்தால் பழைய திரவமும் குமிழிகளும் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு". இந்த வரிசை ஒரு முறை தவறினாலும் காற்று உள்ளே போய்விடும். குரல் கொடுத்துப் பேசிக்கொண்டே செய்வது அதற்காகத்தான். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பார்கள். சில கார்களில் வரிசை மாறும், மேனுவலைப் பாருங்கள். மேலே உள்ள டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பேடு மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அப்போது திரவம் மேலேறி டப்பாவிலிருந்து வழியலாம், முன்கூட்டியே கொஞ்சம் எடுத்துவிடுங்கள். கேலிபரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். முன் சக்கரமோ பின் சக்கரமோ, எதில் மாற்றினாலும் இடம், வலம் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும், அதைச் சுத்தமாகத் துடைக்காமல் மாட்டினால் புதுப் பேடு முதல் நாளே கெட்டுவிடும். தேய்ந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவலாம். ஆனால் சீவச் சீவ இரும்பு குறைகிறது, இரும்பு குறைந்தால் சூடு வாங்கும் திறன் குறைகிறது. டிராக் காருக்குப் புதிது போடுவதே மேல்.

தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரி

புதுத் தோசைக்கல்லை வாங்கியதும் யாரும் நேராக மாவு ஊற்ற மாட்டார்கள். எண்ணெய் தடவி, சூடாக்கி, ஆற வைத்து, திரும்பச் சூடாக்கிப் பழக்குவார்கள். புதுப் பேடுக்கும் இது வேண்டும், இதற்கு பெடிங் என்று பெயர். பேடின் பொருளை ஒரு மெல்லிய படலமாக டிஸ்க் முழுவதும் சமமாகப் பரப்புவதுதான் நோக்கம். படலம் சமமாக விழுந்துவிட்டால், முன்னால் சொன்ன திட்டும் நடுக்கமும் வர வாய்ப்பு குறைவு.

பின்னால் யாரும் வராத, ஆபத்தில்லாத இடத்தில், அல்லது டிராக்கின் முதல் செஷனிலேயே இதைச் செய்யலாம். முதலில் சில மென்மையான மிதிகள். பிறகு 100 வேகத்திலிருந்து 30 வரை, எட்டு முதல் பத்து முறை, நன்றாக அழுத்தி, ஆனால் ஒருமுறைகூடக் காரை முழுவதும் நிறுத்தாமல். கடைசி மிதிகளில் வாசனை வரும், கொஞ்சம் பிடிப்பு குறையும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு ஐந்தாறு நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் அப்படியே பதிந்துவிடும்.

டிராக்கில், அப்புறம் வீடு திரும்பும்போது

இதே காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டுகிறோம். ஓடும் காற்றுதான் பிரேக்குக்குக் கிடைக்கும் ஒரே விசிறி. சூடாக வந்து நிறுத்தினால் அந்த விசிறி நின்றுவிடும், டிஸ்க்கில் தேங்கிய சூடு மெதுவாகக் கேலிபருக்குள் ஏறும். ஓடும்போது கொதிக்காத திரவம் நிறுத்திய பிறகு கொதிப்பதும் உண்டு. நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சென்னை வெயிலில் காற்றே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, 20 நிமிடம் ஓட்டுவதற்குப் பதில் 12 நிமிடத்தில் உள்ளே வருவது நல்ல முடிவு. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

சாயங்காலம் புறப்படும் முன் இன்னொரு முறை பேடைப் பாருங்கள், பெடலை மிதித்துப் பாருங்கள், வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பந்தய வகைப் பேடு போட்டிருந்தால் அது குளிர்ந்த நிலையில் சரியாகக் கவ்வாது. முடிந்தால் சாலைப் பேடை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். இருங்காட்டுக்கோட்டை கேட்டைத் தாண்டினால் பெங்களூரு நெடுஞ்சாலை. அங்கே மண் ஓரம் இல்லை, கொடி காட்ட ஆள் இல்லை, முன்னால் போகும் கன்டெய்னர் லாரி எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பகல் முழுக்க நீங்கள் வாட்டியெடுத்த அதே பிரேக்தான் அங்கேயும் பிடிக்க வேண்டும். பெடலில் சந்தேகம் இருந்தால் அன்று இரவு காரை அங்கேயே விட்டுவிட்டு, நண்பரின் காரில் ஏறி வீட்டுக்குப் போங்கள். மறுநாள் புது டின் திரவத்தோடு வந்து ஏர் எடுத்துவிட்டு ஓட்டிப்போகலாம்.